புதன்கிழமை எங்கே போனாய்?

கற்பிட்டி
2025 ஜனவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

மாதாவின் தயவில் நானும் மகள் மெலனியும் சுகம். உங்கள் முழங்கால் நோவும் நிக்கொலஸ் அத்தானின் இருமலும் குறைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முத்திரை ஒட்டின கடிதத்தைக் கண்டு சிரித்திருப்பீர்கள். தபால் கந்தோரில் இருக்கும் பிள்ளையும் சிரித்தாள். "ஏன் அக்கா, வட்ஸ்அப் இல்லையா?" என்று கேட்டாள். இருக்கிறது. அதுதான் தொல்லை.

நத்தார்ப் பெருநாளுக்கு இத்தாலியில் இருந்து மெலனியின் அப்பா கொடுத்தனுப்பிய ஐபோனோடு நான் படும் பாட்டைக் கேளுங்கள். பின்னுக்குப் போக ஒரு பொத்தான் இல்லை. மெமரி காட் போட இடமில்லை, என் பாட்டெல்லாம் மேசை லாச்சியில் கிடக்கிறது. சார்ஜ் போட அதற்கென்று தனி வயர் வேண்டும், எங்கள் தெருவில் ஒருவரிடமும் கிடையாது. பக்கத்து வீட்டு அண்ட்ரொய்ட் போனில் இருந்து புளூடூத்தில் ஒரு படம் அனுப்பினால் வாங்காது, தன் சாதிக்காரனிடம்தான் வாங்குமாம். எதைத் தொட்டாலும் "விடவா, வேண்டாமா" என்று கேட்கும். படம் மட்டும் நன்றாக எடுக்கும், அதை ஒத்துக்கொள்கிறேன். என் பழைய சம்சுங் போனை உங்களுக்குத் தந்துவிட்டு இப்போது ஏங்குகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன புதன்கிழமை புத்தளத்துக்குப் போய்வந்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. பின்னேரம் இவர் போன் எடுத்து முதல் கேள்வியே, "புத்தளத்தில உனக்கு என்ன வேலை?" என்றார். மெலனிக்குச் சப்பாத்து வாங்கப் போனேன் என்று சொல்லித் தப்பினேன்.

அக்கா, புதன்கிழமைகளில் எனக்கு அங்கே ஓர் அலுவல் இருக்கிறது. கெட்ட அலுவல் இல்லை. முடிந்ததும் முதல் ஆளாக உங்களுக்குச் சொல்வேன், அதுவரைக்கும் கேட்காதீர்கள். இவருக்குத் தெரிந்தால் அடுத்த பிளேனில் வந்து நிற்பார். வதிவிடப் பேப்பர் கைக்கு வருமுன் வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்று அவருடைய லோயர் சொல்லியிருக்கிறார். செப்டெம்பரில் கிடைத்துவிடுமாம். ஆறு வருடம் அங்கே தக்காளித் தோட்டத்தில் முதுகு முறிந்தது ஒரு கிழமையில் வீணாகிவிடும்.

பக்கத்து வீட்டில் இருக்கும் இவருடைய அம்மா, றோசா மாமிதான் மகனுக்கு ஓதுகிறார் என்று நினைக்கிறேன். போனில் இதைப்பற்றி மூச்சு விடவேண்டாம். கடிதம் போடுங்கள்.

அன்புத் தங்கை,
ஷானிகா


சிலாபம்
2025 ஜனவரி 28

அன்பான தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. என் முழங்கால் அப்படியேதான். இவர் இருமிக்கொண்டே கடலுக்குப் போகிறார். நீங்கள் இருவரும் சுகம் என்று அறிந்து சந்தோஷம்.

ஐபோன் உனக்குத் தண்டனை என்றால் உன் பழைய போன் எனக்குப் பாக்கியம். மீன் மணக்கும் கையால் தொட்டாலும் கோபிக்காது. எந்தக் கடையிலும் வயர் இருக்கிறது. நீ ஒன்றையும் அழிக்காமல் தந்தது எவ்வளவு நல்லது. உன் சொந்தமும் என் சொந்தமும் ஒரே ஆட்கள்தானே, ஒவ்வொரு நம்பராகக் குத்திக்கொண்டு இருக்கத் தேவையில்லாமல் போயிற்று.

புருஷன்மார் அனுப்பும் போனில் அது எங்கே இருக்கிறது என்று பார்க்க ஒரு வழி இருக்குமாம். அதை நிற்பாட்டு. மாமியோடு சண்டைக்குப் போகாதே.

கேட்காதே என்றாய். நான் உனக்கு மூத்தவள், கேட்காமல் இருக்க முடியவில்லை. புருஷன் வெளிநாட்டில் இருக்கும் வீட்டைப் பத்துக் கண் பார்க்கும் என்று உனக்குத் தெரியாதா? அங்கே இருக்கும் றொபின்சனைப் பகைத்துக்கொள்ளாதே. அவருடைய முதலாளிதான் இவருக்கும் வேலைக்குக் கூப்பிடும் பேப்பர் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். நாங்கள் அதைத்தான் நம்பியிருக்கிறோம்.

புனித அன்னம்மாள் உன்னைக் காக்கட்டும்.

அக்கா அனஸ்தாசியா


கற்பிட்டி
2025 பெப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. மெலனிக்கு மட்டும் தடிமன். உங்கள் காலுக்கு ஒத்தணம் கொடுக்கிறீர்களா?

நீங்கள் சொன்ன மாதிரி லொக்கேஷனை நிற்பாட்டினேன். சம்சுங்கில் மேலே இருந்து ஒரு இழுவை, ஒரு தட்டு, முடிந்தது. இதில் உள்ளே, அதற்கும் உள்ளே, இன்னும் உள்ளே. பெரிய பங்களாவில் விளக்குச் சுவிச் தேடுவது போலத்தான். ஆனாலும் நிற்பாட்டினேன், இரண்டு தரம் பார்த்தேன்.

இந்தப் புதனும் போனேன். பின்னேரம் இவர் எடுத்தார். "ஆரின்ர ஓட்டோவில திரிஞ்சாய்? நம்பர் சொல்லவா?" என்று கேட்டு, நம்பரையும் சொன்னார். சரியான நம்பர்.

தெரியாத ஓட்டோவில் ஏறினால் பின்பக்க நம்பரைப் படமெடுத்து வை என்று பழக்கியதே நீங்கள்தான். அன்றைக்கும் எடுத்தேன். பஸ் நிலையத்தில் இருந்து போகவேண்டிய இடத்துக்கு ஐந்து நிமிடம்கூட இல்லை. ஓட்டினவர் எங்கள் அப்பா வயது மனிதர். அந்த நம்பர் இந்தப் போனைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லை.

இதில் எனக்கு வெட்கம் என்னவென்றால், அதற்கு முதல் நாள்தான் மாமியின் வாசலில் நின்று கத்திவிட்டு வந்தேன். "என்ர கால் போற இடமெல்லாம் மகனுக்குச் சொல்லுறதுக்கு உங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்று கேட்டேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து எங்களுக்குள் கதை பேச்சு இல்லை. மாமிக்கு எப்படி ஓட்டோ நம்பர் தெரியும்? அவர் இல்லை என்றால் யார்? இந்தப் போனைக் கையில் எடுக்கவே பயமாக இருக்கிறது.

ஷானிகா


சிலாபம்
2025 பெப்ரவரி 20

அன்பான தங்கச்சிக்கு,

இங்கே சுகம். பிள்ளைக்குத் தடிமன் விட்டதா? கொத்தமல்லி அவித்துக் கொடு.

ஐபோனில் எடுக்கும் படமெல்லாம் மேலே எங்கேயோ போய்ச் சேருமாம், அந்தப் பூட்டின் திறப்பு அவரிடம் இருக்கும். வேறு எப்படித் தெரியும்? யாராவது படித்தவரிடம் கொடுத்து அதையும் மூடு. இல்லாவிட்டால் வித்துப்போட்டு ஒரு சாதாரண அண்ட்ரொய்ட் வாங்கு. ஏழையின் போனில் ஒளிவு மறைவு இல்லை.

ஓட்டோக்காரர் அப்பா வயது என்று எழுதியிருக்கிறாய். அவரைப் பற்றி நான் கேட்கவில்லை. போய் இறங்கும் இடத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைத்தான் கேட்கிறேன். கெட்ட அலுவல் இல்லை என்றால் கூடப் பிறந்தவளிடம் சொல்ல என்ன? அம்மா இருந்திருந்தால் இதைத்தான் கேட்டிருப்பா. ஊர் வாயில் விழாமல் நடந்துகொள்.

அக்கா


கற்பிட்டி
2025 மார்ச் 16

அக்காவுக்கு,

சுகம். நீங்களும் சுகமாக இருங்கள்.

உங்கள் கேள்விக்குப் பதில் எழுத மூன்று கிழமை எடுத்தேன். கோபம்தான். யாருமில்லை அக்கா. நான் இறங்கும் இடத்தில் நீண்ட மர வாங்குகள் கிடக்கின்றன, அவற்றில் நாற்பது பெண்கள் இருக்கிறார்கள். அவ்வளவுதான் சொல்வேன்.

இவர் கெடு வைத்துவிட்டார். "உயிர்த்த ஞாயிறுக்கு முந்தி உண்மையச் சொல்லு. இல்லாட்டி பேப்பரும் வேண்டாம், மண்ணும் வேண்டாம், நான் வாறன்" என்றார். சொன்னாலும் வருவார், சொல்லாவிட்டாலும் வருவார். நான் என்ன செய்ய?

மெலனியின் பள்ளிக்கூடத்தில் கம்பியூட்டர் படிப்பிக்கும் ரீச்சரிடம் போனைக் கொடுத்தேன். அவ ஐபோனின் மேல் பெட்டியை, அதுதான் படங்கள் போய்ச் சேரும் இடத்தை, மூடித் தந்துவிட்டா. இதில் இருந்து இனி ஒன்றும் மேலே போகாதாம். அந்தத் தைரியத்தில் போன புதன் ஒரு கடுதாசியைப் படமெடுத்து வைத்திருக்கிறேன். மூலத்தை அவர்கள் பைலோடு வைத்துக்கொள்வார்கள், எனக்கு ஒரு பிரதி வேண்டும். நாலு நாளாகிறது, இவர் அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓட்டையை அடைத்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

எனக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்துங்கள். எதற்கென்று கேட்கவேண்டாம்.

ஷானிகா


கற்பிட்டி
2025 ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களுக்குச் சுகமில்லையா? ஆறு கிழமையாக ஒரு வரி இல்லை. பெருநாளுக்குப் போன் எடுத்தபோதும் "பாண் கடையில நிக்கிறன், பிறகு கதைக்கிறன்" என்று வைத்துவிட்டீர்கள். பிறகு கதைக்கவே இல்லை. என் கடிதத்தில் கோபம் தெரிந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு புதினமான சங்கதி. கெடு முடிந்து ஒரு கிழமையாகிவிட்டது, இவர் வரவில்லை. கேள்வியும் இல்லை. புதன்கிழமைகளில் குரலே மாறிவிட்டது. போன புதன், "நவநாள் முடிஞ்சு வந்திட்டியா? எனக்காகவும் மாதாட்ட கேளு" என்றார். எனக்கு விளங்கவில்லை. நான் கோயிலில் எந்த நவநாள் செபத்துக்கும் போகவில்லை. ஓம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சந்தோஷப்படவேண்டும், எனக்குப் பயம்தான் கூடியிருக்கிறது. கேள்வி கேட்கும் மனிதரோடு எப்படி நடப்பதென்று பழகிவிட்டேன். கேட்காமல் இருப்பவர் என்ன தெரிந்து வைத்திருக்கிறார்? நவநாள் என்று அவருக்கு யார் சொன்னது? மாமி இல்லை, அவர் இன்னும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. போனும் இல்லை, அதுதான் மூடியாயிற்றே. யாரோ ஒருவர் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் அக்கா. முன்னே பகையாகப் பார்த்தவர் இப்போது வேறு மாதிரிப் பார்க்கிறார். அதுதான் விளங்கவில்லை.

பதில் போடுங்கள்.

ஷானிகா


சிலாபம்
2025 மே 4

என் தங்கச்சிக்கு,

கோபம் ஒன்றும் இல்லை. கால் நோவோடு எழுதக் குந்த முடியவில்லை. இவரும் வீட்டில் நிற்கிறார், அதுவும் ஒரு கரைச்சல்.

கற்பிட்டி பஸ் கண்டக்டரிடம் முப்பது ஊர்க்கோழி முட்டை கொடுத்து அனுப்பியிருக்கிறேன், ஒவ்வொரு நாளும் காலையில் ஒன்று அவித்துச் சாப்பிடு. சமைத்ததை மெலனிக்குக் கொடுத்துவிட்டு வெறும் பிளேன்ரீயோடு இருக்கும் உன் பழக்கத்தை விடு. கிணற்றில் தண்ணீர் அள்ளாதே, ஆள் பிடித்து அள்ளு. இடது கையால் ஒரு பாரமும் தூக்காதே, பிள்ளையையும் அந்தப் பக்கத்தில் படுக்கப் போடாதே. வெறும் வயிற்றில் வரச் சொன்னால் மயக்கம் வரும், பையில் ஒரு பனிஸ் வைத்துக்கொள், முடிந்தவுடன் சாப்பிடலாம்.

றொபின்சன் கேட்கவில்லை என்றால் நல்லதுதானே. நீ ஏன் அதைத் தோண்டுகிறாய்? எல்லாம் நல்லபடி முடியும். நான் ஒவ்வொரு நாளும் முழங்காலில் நிற்கிறேன், நோவோடுதான்.

தனியாகப் போகாதே என்று சொல்ல வாய் வருகிறது. சொல்ல எனக்கு உரிமை இல்லை.

அக்கா


கற்பிட்டி
2025 மே 22

அக்காவுக்கு,

முட்டை உடையாமல் வந்தது. நான் சுகமா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லைதானே.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். இடது கை என்று நான் எங்கே எழுதினேன்? வெறும் வயிறு என்று யாருக்குச் சொன்னேன்? மாமிக்குத் தெரியாது, மெலனிக்குத் தெரியாது, இவருக்குத் தெரியாது. டொக்டருக்கும் அந்தக் கடுதாசிக்கும் மட்டும்தான் தெரியும்.

நேற்றுக் கிளினிக் முடிந்ததும் புத்தளத்தில் ஒரு போன் கடைக்குப் போனேன். முஃபீதா என்றொரு பிள்ளை அங்கே இருக்கிறாள். ஐபோனை வாங்கி அரை மணித்தியாலம் குடைந்தாள். "இதுல ஒண்டும் இல்லக்கா. ஒங்கட மாப்பிள்ளட பேர்கூட இல்ல" என்றாள். பிறகு கேட்டாள், "பழைய போன்ல இருந்த கூகிள் கணக்கத்தானே இதுலயும் போட்டீங்க?" ஓம் என்றேன். நம்பர்களும் படங்களும் இதற்கு வருவதற்காக நத்தாரன்றே போட்டது. "ரீச்சர் மூடினது ஐபோன்ட பெட்டிய. கூகிள் பெட்டி தொறந்துதான் இரிக்கி. அந்தப் பழைய போன் இப்ப ஆருகிட்ட?"

திரையைத் திருப்பிக் காட்டினாள். என் கணக்கு இரண்டு போனில் திறந்து கிடக்கிறது. ஒன்று இது. மற்றது சம்சுங், சிலாபம், கடைசியாகத் திறந்தது அன்று காலை ஏழு நாற்பது.

கடைக் கதிரையில் இருந்துவிட்டேன். தண்ணீர் கொடுத்தாள்.

ஐந்து மாதமாக நான் இந்தப் போனைத் திட்டிக்கொண்டு திரிந்தேன். மாமியின் முகத்தில் கரி பூசினேன். நான் எடுத்த ஒவ்வொரு படமும் உங்கள் கையில் வந்து விழுந்துகொண்டிருந்தது. நீங்கள் எனக்குக் கடிதத்தில் வழி சொல்லிக்கொண்டிருந்தீர்கள், அதை மூடு, இதை மூடு, வித்துப்போடு என்று.

சரி. பார்த்துவிட்டீர்கள், நானே எழுதுகிறேன். இடது மார்பில் கட்டி. கெட்ட கட்டிதான். சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிட்டோம், கொழும்பில் வெட்டி எடுத்தால் சரிவரும் என்கிறார்கள். இவர் கேட்டால் வந்துவிடுவார் என்றுதான் மறைத்தேன். செப்டெம்பர் வரைக்கும் மறைத்தால் போதும் என்று நினைத்தேன்.

ஒன்றைச் சொல்லுங்கள். அந்தக் கடுதாசியை இவருக்கு அனுப்பினீர்களா?

ஷானிகா


சிலாபம்
2025 மே 29

ஷானிகா,

அனுப்பவில்லை. அன்னம்மாள் மேல் ஆணை, அனுப்பவில்லை. முதலில் அதை வாசி.

நத்தாருக்குப் பிறகு றொபின்சன் எடுத்தார். "அக்கா, நான் இல்லாத வீடு, ஒரு கண் வச்சிருங்கோ. நிக்கொலஸண்ணையின்ர விஷயத்த நான் பாக்கிறன்" என்றார். அதே கிழமைதான் போனில் படங்கள் தானாக வரத் தொடங்கின. மெலனியின் பல், உன் கறிச்சட்டி, புத்தளம் பஸ் நிலையத்தில் நேரம் எழுதின பலகை. முதல் நாளே உனக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பலகையை அவருக்கு அனுப்பினேன். பிறகு ஓட்டோ. அவர் கேட்டார், நான் கொடுத்தேன். உனக்கு ஒரு ஆள் இருக்கிறான் என்று நான் நம்பினேன். பயந்தால் விட்டுவிடுவாய் என்று நினைத்தேன். இவருடைய பேப்பரையும் நினைத்தேன், அதை மறைக்கமாட்டேன்.

மார்ச்சில் அந்தக் கடுதாசி வந்தது. எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராதே. அதையும் அனுப்பத்தான் இருந்தேன், என்னவென்று தெரிந்துகொண்டு அனுப்புவோம் என்று இங்கே பக்கத்தில் இருக்கும் அல்பொன்சா ரீச்சரிடம் காட்டினேன். ரீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இது ஆருக்கு அனஸ்தாசியா?" என்று கேட்டா. நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உனக்கு எழுதக் குந்தினேன், முடியவில்லை. தெரியும் என்று எழுதினால் எப்படித் தெரியும் என்று கேட்பாய். தெரியாத மாதிரி எழுதக் கை வரவில்லை. றொபின்சனுக்கு மட்டும் சொன்னேன், அவள் புதன்கிழமை சதா சகாய மாதா நவநாளுக்குப் போகிறாள், உங்கள் பேப்பருக்கு நேர்த்தி, வெளியே சொன்னால் பலிக்காது என்று மறைக்கிறாள், சந்தேகப்பட்டது நாங்கள் செய்த பாவம் என்று. அவர் போனில் அழுதார்.

ஏப்ரலில் இவருடைய பேப்பர் வந்துவிட்டது. உன்னைக் காட்டிக்கொடுத்து வாங்கிய பேப்பர். இவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். வாசித்துப் பார்த்துவிட்டு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். கடலுக்கும் போகவில்லை, என்னோடு கதைக்கவும் இல்லை.

நான் வரவா என்று கேட்க எனக்கு முகம் இல்லை.

அனஸ்தாசியா


கற்பிட்டி
2025 ஜூன் 5

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு நாள் உங்களை மனதுக்குள் வைதுகொண்டே இருந்தேன். இன்னும் முடியவில்லை.

முஃபீதா சொல்லித்தந்தபடி என் கணக்கை அந்தப் போனில் இருந்து வெளியே எடுத்துவிட்டேன். நம்பர்களும் அதோடு போயிருக்கும். இனி நீங்களே ஒவ்வொன்றாகக் குத்திக்கொள்ளுங்கள். ஐபோனை நான் விற்கப் போவதில்லை. பாவம், அது ஒரு குற்றமும் செய்யவில்லை.

மாமியிடம் போனேன். வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன், என் கட்டி வருத்தத்தையும் சொன்னேன். அவர் அழுதுவிட்டு, "மெலனிய என்னட்ட விட்டிட்டுப் போ. அவனுக்கு நான் வாய் திறக்கமாட்டன்" என்றார். இப்படி ஒரு மனுஷியை நான் சந்தேகப்பட்டேன்.

அத்தானிடம் அலுமாரியைத் திறக்கச் சொல்லுங்கள். பேப்பரைக் கிழித்தால் என் கட்டி கரையாது. அவராவது போகட்டும்.

ஜூன் 16 திங்கட்கிழமை கொழும்பு ஆஸ்பத்திரியில் என்னைச் சேர்த்துக்கொள்கிறார்கள், புதன்கிழமை வெட்டு. ஞாயிறு பின்னேரம் சிலாபம் வந்து, விடிய முதல் ரயிலில் போகவேண்டும். சம்மதக் கடுதாசியில் சொந்தத்தில் ஒருவர் கையெழுத்து வைக்க வேண்டுமாம். புருஷன் இல்லாவிட்டால் கூடப் பிறந்தவர். எனக்குக் கூடப் பிறந்தது நீங்கள் ஒருவர்தான். அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் புதன்கிழமையும் இவர் போன் எடுப்பார். நவநாள் முடிந்ததா என்று கேட்பார். நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அவரிடம் என்னைப் பற்றிச் சொல்ல உங்களுக்குப் பழக்கம் இருக்கிறது, இந்த முறை எனக்காகச் சொல்லுங்கள்.

மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வரவேண்டாம். கோபம் அப்படியே இருக்கிறது. ஆனால் மயக்கம் தெளிந்து கண் திறக்கும்போது பக்கத்தில் வேறு யாரும் இருப்பதை நினைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை. வாருங்கள்.

ஷானிகா